இன்றே முடித்துத் தரப்படும்

என் மாமனார் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "நாளைக்கு வாங்க" என்று சொல்லியே ஊரில் ஒரு தலைமுறையை நடக்க வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, ரூட் கேனாலை இன்னிக்கே முடிச்சுடலாம்தானே?"

கேட்டதில் தப்பில்லை. 'ஒரே சிட்டிங்கில் ரூட் கேனால்' என்ற போர்டு இப்போது தெருவுக்கு ஒன்று தொங்குகிறது. பொய்யும் இல்லை. வேரின் உட்புறத்தைச் சுரண்டக் கையால் திருகிய ஃபைலுக்குப் பதிலாக மோட்டாரில் சுழலும் ஃபைல் வந்துவிட்டது. வேர் நுனியை நெருங்கியதும் 'பீப்' அடிக்கும் கருவியும் இருக்கிறது. நரம்பு உயிரோடு இருந்து, சீழ் வைக்காமல், ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க ஆளும் தயாரென்றால், ஒரே மூச்சில் சுத்தம் செய்து அடைத்துவிடலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2022 அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: ஒரே தடவையோ பல தடவையோ, பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஒரே தடவையில் முடித்துக்கொண்டவர்களுக்கு முதல் வாரம் வலி கூடுதலாக இருக்கலாம்.

வாயைத் திறந்து வைத்திருப்பது மாமாவுக்குப் பெரிய காரியமில்லை. சிக்கல் நரம்பில் இருந்தது.

வலி தொடங்கியபோதே அத்தை டாக்டரிடம் போகச் சொன்னார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மாமா ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டார். கிராம்பில் உள்ள யூஜினால் வலியை மரக்கவைக்கும். பல் டாக்டர்களே அதைச் சிமெண்டில் கலக்கிறார்கள். ஆனால் சொத்தையை அது நிறுத்தாது. ஒருநாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. "பாத்தியா கிராம்போட மகிமையை!" என்று அத்தையிடம் வெற்றி முழக்கம். உண்மையில் உள்ளே நரம்பு செத்திருந்தது. அதில் கிருமி குடியேறி, வேர் நுனியில் சீழ் கட்டி, கன்னம் வீங்கிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

டாக்டர் சின்னப் பெண். ஊசி போட்டு, பல்லைத் திறந்து, ஃபைல்களை விட்டு எடுத்து, ப்ளீச் கரைசலால் கழுவினார். பிறகு ஊசி மாதிரி மெல்லிய காகிதக் குச்சியை வேருக்குள் விட்டு எடுத்தார். ஈரமாக வந்தது. இன்னொன்றை விட்டார். அதுவும் ஈரம்.

"கசிவு நிக்கலை சார். இப்ப அடைச்சா கிருமி உள்ளயே மாட்டிக்கும். மருந்து வெச்சு விடறேன், அடுத்த வாரம் வாங்க."

இந்த வசனத்தை மாமா அடுத்தவர் வாயால் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஆட்சேபிக்கலாமென்றால் பாதி வாய் மரத்துக் கிடந்தது.

"என்ன மருந்தாம்?" என்றார் வெளியே வந்து.

"கால்சியம் ஹைட்ராக்சைடு. சுண்ணாம்புதான் மாமா."

"அடப்பாவி! அதைத்தானே தினமும் வெத்தலையில தடவிப் போட்டுக்கறேன். அதுக்கா காசு?"

1920இல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் பல் வைத்தியத்துக்குக் கொண்டுவந்த சமாச்சாரம் அது. அதன் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. மாமா இத்தனை வருஷமாகப் பல்லுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தார், வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் காகிதக் குச்சி காய்ந்து வந்தது. கட்டபெர்ச்சா என்ற ரோஸ் நிறக் குச்சிகளை வைத்து வேரை அடைத்தார். மலாய்க் காட்டு மரத்தின் பாலிலிருந்து வருவது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுதான் மேலுறை என்றேன். "அப்ப தண்ணி இறங்காது" என்று மாமா திருப்திப்பட்டார்.

"கேப்புக்கு அளவெடுக்க இன்னொரு நாள் வரணும் சார்" என்றார் டாக்டர். போர்டுகள் சத்தம் போடாமல் விட்டுவிடும் விஷயம் இது. ஒரே சிட்டிங் என்பது வேரை அடைப்பதற்கு மட்டும்; கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் கேப் தனி, நடை தனி, பில் தனி.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் கை வைத்தபடி வந்து, கிராம்பு வைக்கலாமா என்று கேட்டார்.

"வலிக்கிறப்பவே ஓடிடும் ஓய்," என்றார் மாமா. "ஆள் உயிரோட இருந்தா ஒரு கையெழுத்துல காரியம் முடிஞ்சிடும். செத்துட்டா வாரிசுச் சான்றிதழ் கேப்பான், அலையணும். பல்லும் அப்படித்தான்."