கரையானுக்குக் கைரேகை தேவையில்லை

அப்பர் பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர்க்காரர். அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், விஷச்சோறு போட்டார்கள், யானையை ஏவினார்கள், கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். மனிதர் கல்லையே தெப்பமாக்கிக் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ஓரம் கரையேறிவிட்டார். சம்பந்தரோ மதுரையில் தம் ஏட்டை நெருப்பில் இட்டார், கருகவில்லை. வைகையில் விட்டார், எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகம் போய்ச் சேர்ந்தது. ஆக நெருப்பு டெஸ்ட் பாஸ், வெள்ள டெஸ்ட் பாஸ். எந்த மென்பொருள் கம்பெனி இவ்வளவு சோதித்துச் சரக்கை வெளியே விடுகிறது? கரையான் டெஸ்ட் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சுந்தரரையும் சேர்த்து மூவர் பாடிய தேவாரமும் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள், மூவரின் கை அடையாளமும் பதித்துப் பூட்டப்பட்டிருந்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மற்ற இருவருக்கும் பிந்தியவரான சுந்தரர் எப்போது வந்து கை பதித்தார் என்று கேட்காதீர்கள். பயோமெட்ரிக் விவகாரம் என்றாலே அப்படித்தான்.

பதிகங்களைத் தேடிக் கிளம்பினார் சோழ ராஜா. ராஜராஜன் என்பது வழக்கு. எந்தச் சோழன் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கைகலப்பு. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியிடம் போனார். நம்பி அவ்வூர்ப் பொல்லாப் பிள்ளையாரிடம் கேட்டார். கோப்பு எந்த ஃபோல்டரில் என்று பிள்ளையார் சொல்லிவிட்டார். பாஸ்வேர்டு அவரிடமும் இல்லை.

கை பதித்த மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். ராஜா வாதாடவில்லை. மூவரின் திருமேனிகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, வந்துவிட்டார்கள், திறவுங்கள் என்றார். முகம் பார்த்துத் திறக்கும் பூட்டுக்குப் போட்டோவைக் காட்டி ஏமாற்றும் வித்தைக்கு நம் ஊரில் இவ்வளவு பழைய முன்மாதிரி இருக்கிறது.

உள்ளே புற்று. எண்ணெய் ஊற்றி மண்ணைக் கரைத்துப் பார்த்தால், லட்சத்துக்கும் மேலே சொல்லப்படும் பதிகங்களில் தேறியவை சுமார் 800. ராஜா அழுதார். அப்போது அசரீரி எழுந்து, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் செல்லரிக்கவிட்டோம் என்று தெரிவித்தது. டேட்டா போனதும் நிர்வாகம் வெளியிடும் அறிக்கை அன்றைக்கே இந்த நடையில்தான் இருந்திருக்கிறது.

பாட்டு கிடைத்தும் பண் தெரியவில்லை. விருத்தாசலம் பக்கத்துத் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வம்சத்துப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்து, அவள் வாயால் பண்ணடைவை மீட்டார்கள். மெட்டாடேட்டா ஓலையில் இல்லை, ஒரு குடும்பத்தின் தொண்டையில் இருந்தது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை வைத்து, ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல் அளந்த ராஜராஜனின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அத்தனை வாயில் ஓடிய பாட்டு பிழைத்தது; பத்திரமாகப் பூட்டியதைத்தான் பூச்சி தின்றது. திருவிடைவாயில் யாரோ சம்பந்தர் பதிகம் ஒன்றைக் கோயில் கல்லில் வெட்டி வைத்தார்கள். எந்த ஏட்டிலும் இல்லாத அது இருபதாம் நூற்றாண்டில் அகப்பட்டு, தேவாரப் பதிப்புகளில் ஏறியது. பிரதிகளைப் பல இடங்களில் பரப்பி வைக்கும் லாக்ஸ் என்ற மென்பொருளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியதெல்லாம் பிற்பாடு.

இன்றைய கரையான் எழுத்துரு. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை டிஸ்கி குறியாக்கத்தில் ஏற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. யாரோ தொடர்ந்து மெனக்கெட்டதால் பிழைத்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அதுவரை டாம், டாப், பாமினி என்று கடைக்கு ஒரு குறியாக்கம். பாமினியில் அடித்த தல வரலாற்றை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். ஓலையிலாவது கரையான் தின்ற இடம் ஓட்டையாகத் தெரியும். இங்கே ஒரு பைட் குறையாது, செக்சம் சரியாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது. கோப்பு வடிவத்தைக் கண்டறிய பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் ட்ராய்ட் என்ற கருவி இருக்கிறது. அது வேர்டு கோப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். உள்ளே இருப்பது பாமினியா டாபா என்பது அதன் இலாகா இல்லை. அதற்கு, சிதம்பரம் மேல வீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ அந்தக் காலத்து டிடிபி கடையில் அடித்துக் கொடுத்த பெண்ணைத் தேடிப் பிடித்து, “எந்த ஃபாண்டும்மா?” என்று கேட்க வேண்டியதுதான்.