பாகெட்டும் நெத்திலியும்: பெரியப்பா பதில்கள்

தாம்பரத்தில் ஷவர்மா, மோமோ, பர்கர் எல்லாம் கிடைக்கிறது. வியட்நாம் சாப்பாட்டுக்கு எங்கே போவது?
*– சண்முகம் ரோடு சாப்பாட்டு ராமன்*

பாஸ்போர்ட் வேண்டாம். எழும்பூர் – புதுச்சேரி ரயில் தாம்பரத்தில் நிற்கும். ஏறி உட்காருங்கள். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், அப்புறம் பாதி சைகோன். இறங்கியதும் விவரம் தெரிந்த யாரிடமாவது ‘சாயோ’ எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

சாயோவா? ஸ்பிரிங் ரோலின் தம்பியா?
*– குரோம்பேட்டை குசும்பன்*

பங்காளி. அரிசித்தாளில் கொத்துக்கறி, இறால், கண்ணாடி சேமியா, காளான் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். அப்படியே கடித்தால் பாதி ருசிதான். லெட்டூஸ் இலையில் புதினாவோடு வைத்து மடித்து, மீன் சாஸில் முக்கிச் சாப்பிட வேண்டும். வெற்றிலை மடித்த கைக்கு இதென்ன பிரமாதம்!

அது புதுச்சேரிக்கு எப்படி வந்தது?
*– பல்லாவரம் வாசகி*

கப்பலில், மருமகள்களோடு. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்கள் பலர் வியட்நாம் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவில் போலீஸ், சுங்கம், கோர்ட்டு என்று சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். சிலர் அங்கேயே பெண் எடுத்துத் திரும்பினார்கள். மாமியார் ரசம் சொல்லிக்கொடுத்தார், மருமகள் சாயோ சுருட்டினாள். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்ததுதான் உண்மையான ராஜதந்திரம்.

பான் மி, பான் மி என்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்?
*– கேம்ப் ரோடு கல்லூரி மாணவன்*

பாகெட் என்கிற நீள ரொட்டி, பாதே என்கிற கறி விழுது, மயோனைஸ் மூன்றும் பிரான்ஸ். கேரட் – முள்ளங்கி ஊறுகாய், கொத்தமல்லி, பச்சை மிளகாய் மூன்றும் வியட்நாம். சைகோனில் 1958-இல் திறந்த ‘ஹோவா மா’ கடை இதையெல்லாம் ரொட்டிக்குள் திணித்துக் கையில் கொடுத்தது. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இடம் கொடுத்துவிட்டது. நம் பன் பட்டர் ஜாம் இன்னும் க்யூவில் நிற்கிறது.

ஃபோ சூப் யாருடையது?
*– மேடவாக்கம் வக்கீல்*

வில்லங்கச் சொத்து. வியட்நாமில் மாடு ஏர் உழுதுகொண்டிருந்தது. கறி கேட்டவர் பிரெஞ்சுக்காரர். மிஞ்சிய எலும்பைக் கொதிக்க வைத்தவர் உள்ளூர்க்காரர். நூடுல்ஸில் சீனர் கை உண்டு. நீங்கள் வக்காலத்து வாங்கினால் மூன்று தலைமுறைக்குக் கவலையில்லை.

வியட்நாம் காபி நம் டிகிரி காபியை மிஞ்சுமா?
*– முடிச்சூர் முதியவர்*

1857-இல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் செடியைக் கொண்டுபோனார்கள். பசும்பாலுக்குப் பஞ்சம், ஆகவே டின் பால். இன்று காபி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த இடம் அவர்களுக்கு. டிகிரி நமக்கு, ஏற்றுமதி அவர்களுக்கு.

மீன் சாஸ் நாறுமாமே?
*– செம்பாக்கம் மூக்குத்தி*

நெத்திலியும் உப்பும் மரத்தொட்டியில் ஏறக்குறைய ஒரு வருஷம் ஊறினால் சந்தனமா மணக்கும்? பழைய ரோமாபுரியே இதுபோன்ற ஒன்றை ஊற்றித்தான் சாப்பிட்டது. வியட்நாமின் ஃபூ கோக் தீவுச் சரக்கின் பெயருக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டப் பாதுகாப்பே கொடுத்தது. கருவாட்டுக் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா அம்மணி?

பதிலுக்கு நாம் அங்கே எதையும் விட்டு வரவில்லையா?
*– வண்டலூர் வரலாறு*

சைகோனில் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். அங்கே மாரியம்மன் கோயில் இன்றும் உண்டு, வியட்நாமியரும் வந்து கும்பிடுகிறார்கள். கோழிக்கறியும் உண்டு: தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தொட்டுக்கொள்ள பாகெட். மசாலா நம்முடையது, ரொட்டி பிரான்ஸினுடையது, ஏப்பம் அவர்களுடையது.

பிரெஞ்சுக்காரர் நம்மிடம் எதைக் கற்றார்?
*– பெருங்களத்தூர் பாட்டி*

உங்கள் வடகத்தை! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் சேர்த்து உருட்டி மொட்டைமாடியில் காயவைக்கிறீர்களே, அதன் சாயலில் ‘வடுவான்’ என்றொரு மசாலா பிரெஞ்சு சமையல்காரர்கள் கையில் புழங்குகிறது. வெயிலில் காக்காய் விரட்டிய உங்களுக்கு ராயல்டி கிடையாது.

ஹோ சி மின்னுக்குச் சமைக்கத் தெரியுமா?
*– இரும்புலியூர் தோழர்*

1911-இல் பிரெஞ்சுக் கப்பலொன்றில் சமையல் எடுபிடியாகச் சைகோனை விட்டுக் கிளம்பியவர். 1945-இல் அந்த பிரான்ஸிடமிருந்தே வியட்நாமுக்கு விடுதலை என்று அறிவித்தார். கிச்சன் பையனை அதட்டும் முதலாளிகள் கவனிக்கவும்.

வியட்நாமிலிருந்து புது வரவு ஏதாவது?
*– மாடம்பாக்கம் மெக்கானிக்*

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை, 2025 ஆகஸ்டில் திறந்தது. பாதாமில் செய்த ஐரோப்பிய மக்ரூனை முந்திரியில் செய்து தனதாக்கிக்கொண்ட ஊர் அது. ஆலை கேன்டீனில் என்ன பிறக்கும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக் கலந்துகொண்டே போனால் பாரம்பரியம் என்னாவது?
*– சேலையூர் சம்பிரதாயம்*

1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. அதே வருஷம் நவம்பர் 1-இல் புதுச்சேரி நிர்வாகத்தையும் ஒப்படைத்தது. ஆட்சியைக் கொடு என்று இரண்டு ஊரும் கேட்டன. ரொட்டி அடுப்பைத் திருப்பித் தருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.