மருமவன் பெட்டியும் மாமன் கணக்கும்

வா மருமவனே, உக்காரு. மேக்கரைத் தோப்புக்குள்ள நீ கட்டியிருக்க ஓட்டுக் குடிலப் பாத்துட்டுத்தான் வாரேன். கரண்டுக் கம்பம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கலன்னு மெட்ராஸ்ல இருந்து பேட்டரிப் பெட்டி ஒண்ணு தூக்கிட்டு வந்திருக்கியாமே! கைப்பிடி வச்சி, முன்னால நம்பரு ஓடுத கண்ணாடியோட. வேடிக்கை பாக்க வந்த கிழவன் ஒருத்தன், "இதுல கரண்டு ஊறுமாடே?"ன்னு கேட்டானாம், நீ விழுந்து விழுந்து சிரிச்சியாம். கேட்டவன் நாந்தாம்ல. இருட்டுல உனக்கு ஆளு தெரியல.

ஊறாதுல்லா? அப்போ அது கிணறு இல்ல, குடம். 1,000 வாட் அவர்னு எழுதியிருக்கு. ஈ.பி. கணக்குல ஒத்த யூனிட்டு. கம்பி உள்ள வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்ட அரசாங்கம் சும்மாவே குடுக்கு. நீ ஒரு யூனிட்டு கொள்ளுத குடத்துக்குப் பழைய பைக்கு விலைய எண்ணி வச்சிருக்க. கெட்டிக்காரன்!

வாங்கினது வாங்கியாச்சி, நான் சொல்லுதபடி செய்யி. மொதல்ல வெந்நீர் போடு. குற்றாலத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டுப் பச்சத் தண்ணியில குளிச்சா நம்ம கவுரவம் என்னாவது? 1,500 வாட்டு ராட வாளியில போட்டுச் சொருவு. 1,000 வாட்டுக்கு மேல இழுத்தா உன் பெட்டி கீச்சுன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுக் கண்ண மூடிக்கிடும். சம்சாரம் கேட்டா, அது மதியம் தூங்குத பெட்டின்னு சொல்லிரு. அடுத்து சட்னிக்கு மிக்சி. 750 வாட்டுதானேங்காத. முப்பது வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் சொல்லுதேன், எந்த மோட்டாரும் கிளம்பும்போது ஒரு எகிறு எகிறும். பெட்டி தாங்கினாலும் தாங்கும், மக்கர் பண்ணினாலும் பண்ணும். கொல்லையில அம்மி எதுக்குக் கிடக்கு, பூனை படுக்கவா?

பேட்டரியில இருக்கதை ஏ.சி.யா மாத்துததுக்கே நூத்துக்குப் பத்து பதினஞ்சு கமிஷன் போயிரும். நம்மூரு நிலத் தரகன் எவ்வளவோ தேவல. மிச்சம் 850-ன்னு வையி. 30 வாட்டு பி.எல்.டி.சி. ஃபேன் ஒண்ணு, 9 வாட்டு பல்பு ரெண்டு, 17 மணி நேரம் ஓடும். பரண்ல கிடக்க 75 வாட்டு ஃபேன மாட்டினியோ, ஒம்பது மணி நேரம்தான். போன யூ.எஸ்.பி. ஓட்டையில நேராச் சொருவிரு. ஏ.சி. பொத்தான அமுக்கி வச்சிட்டுத் தூங்கிராத. ஒண்ணுமே மாட்டாட்டாலும் பத்து வாட்டு கணக்குல தின்னுக்கிட்டே கிடக்கும், உன் மச்சினன் மாதிரி. எம் மவன்தான், எனக்குத் தெரியாதா?

சோலார் பலகை இருக்கு மாமாங்க. இருக்கு, சித்திரையில ஊத்தும். நீ லீவு போட்டு வாரது எப்போ? ஆனி ஆடியில, சாரல் விழுத நாளாப் பாத்து! ஆரியங்காவுக் கணவாய் வழியா காத்து பிச்சிக்கிட்டு வந்து மேகத்த இழுத்து மலைமேல போத்திரும். ஐந்தருவியில அஞ்சும் விழுத அன்னிக்கு உன் 200 வாட்டுப் பலகையில 30 வந்தாலே பெரிசு. குடம் நிறைய மூணு நாலு நாளாவும், அதுக்குள்ள லீவு முடிஞ்சிரும். அதே காத்துல சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காத்தாலை பூராவும் பேய் பிடிச்ச மாதிரி சுத்துது. தெக்க பாபநாசத்துல தாமிரவருணித் தண்ணியில 1944-லயே கரண்டு எடுத்துட்டான். காத்துலயும் கரண்டு, தண்ணியிலயும் கரண்டு. நடுவுல நீ மட்டும் பெட்டியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு வானத்தப் பாத்து உக்காந்திருக்க.

நேத்து கொஞ்சம் வெயிலு எட்டிப் பாத்துதுல்லா? குரங்கு ஒண்ணு பலகை ஓரத்துல வாலத் தொங்கப் போட்டு உக்காந்து குட்டிக்குப் பேன் பாத்துது. 140-ல ஓடின நம்பரு 60-க்கு விழுந்துட்டு. ஒரு ஓரம்தானேன்னு நீ முழிச்ச. உள்ள செல்லெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கோத்திருக்கும்ல, ஒருத்தன் மேல நிழலு விழுந்தா வரிசையே சுணங்கிரும். குரங்க விரட்டிரலாம். நீ அழகுக்குன்னு தென்ன மரத்தடியில பலகைய நட்டு வச்சிருக்கியே, மரத்த எப்படி விரட்ட?

பலகைக்கு வெயிலு வேணும், பெட்டிக்கு வெயிலு ஆவாது. மாமியா மருமவ மாதிரி, பிரிச்சே வையி. பிரானூர் பார்டர்ல பரோட்டா திங்க இறங்கும்போது பூட்டின காருக்குள்ள அதப் போட்டுட்டுப் போவாத. லித்தியம் செல்லு சூட்டுல சீக்கிரம் கிழடு தட்டிரும். தூத்தல் தெறிக்க திண்ணையும் வேண்டாம்.

சரி, ஒரு சோலி. எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் போயி ரெண்டு நாளாச்சி. ஏழு மணிக்கு உங்க அத்தைக்கு சீரியலு. டி.வி. 60, செட்டாப் பாக்ஸ் 10, ரெண்டு மணி நேரத்துக்கு 140. கமிஷனையும் சேத்தா 170-ஐத் தாண்டாது, கணக்குப் போட்டுட்டேன். சாயந்திரம் பெட்டியத் தூக்கிட்டு வா. வரும்போது ஏ.சி. பொத்தான அணைச்சிட்டு வா, என்ன?