பென்சிலை மறந்த காளான் வேட்டை

ஏலே பேராண்டி, மணாலிக் காட்டுக்கு மரக்காளான் சேர்க்கப் போறியாமே? நல்லாப் போயிட்டு வா. ஆனா முதுகுல என்னடே அம்புட்டு மூட்டை? தலைவிளக்கு, பறக்குற கேமரா, சீமைக் கத்தி! உன்னைக் கண்டதும் காளான் எந்திரிச்சு ஓடவா போவுது? சரி, பென்சில் எடுத்தியா? இல்லையா? ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான்.

மொதல்ல எந்த மரம்னு பாரு. கைல் பைன்ல ஊசியிலை அஞ்சஞ்சாச் சேர்ந்திருக்கும். சிர் பைன்ல மும்மூணு. அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியும்லா? இதுக்கு எதுக்குடே ஆப்பு? தேவதாரு எண்ணெய்ச்சத்து உள்ள கட்டை, அதோட வைரம் லேசுல உளுக்காது. அங்க இடும்பி கோயிலு இருக்கு பாரு, 1553-ல தேவதாருவை வச்சுக் கட்டினது. இன்னும் நிக்கி. அதுல போயிச் சுரண்டிராதே, பூசாரி வெளுத்துருவாரு.

காளானைப் பாத்தது போதும், அது தின்ன மரத்தைப் பாரு. பழுப்பு அழுகல்னா கட்டை காஞ்ச கம்மாய் மாதிரி பாளம் பாளமா வெடிச்சிருக்கும். விரலால நசுக்கினாப் பொடி. செல்லுலோசைத் தின்னுட்டு லிக்னினை ஒதுக்கி வைக்கிற கூட்டம் அது. வெள்ளை அழுகல் லிக்னினையும் விடாது, கட்டை வெளுத்து நார்நாராப் பிரியும். ஊசியிலைக் காட்டுல பழுப்புக்காரன் அதிகாரம்தான் பெருசு.

நீ என்ன செய்வே? காளானைக் கன்னத்துல வச்சுக்கிட்டுச் சிரிச்சுப் படம் புடிப்பே. மரம் நின்னுச்சா, விழுந்து கெடந்துச்சா? படத்துல உன் பல்லுதான் தெரியுது. லத்தீன் பேரை உருப்போட்டு என்னத்துக்கு? எந்த மரம், என்ன அழுகல், என்ன தேதின்னு அங்கேயே நின்னு எழுதுடே. எழுதாமக் கொண்டாந்தது அலமாரிக்குச் சுமை.

பெறவு, பிளாஸ்டிக் பையில போடாதே. வேர்த்து, விடியுமுன்ன நாறிரும். காகிதப் பை போதும், விலையும் கம்மி. (அதனாலதான் உனக்குப் புடிக்காது.) கெட்டிக் காளானுக்குள்ள வண்டு குடியிருக்கும். நல்லாக் காயவச்சு, குளிர்பெட்டியில உறையவச்சு, அப்புறமாப் பெட்டியில அடுக்கு.

ரயிலேறுமுன்ன வனத்துறையில அனுமதிச் சீட்டு வாங்கிரு. கத்தியும் கையுமா மாட்டினேன்னா, ஜாமீனுக்கு என்னைக் கூப்பிடாதே.