அண்ணையின் ஒரு முழக் கம்பி

லண்டனில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெரிய கம்பனிகளின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, நமது கராஜ் அண்ணை ஒரு முழக் கம்பியில் முடித்துத் தருகிறார்.

நோர்த் சர்க்குலரில், ஹாங்கர் லேன் நெரிசலில் கார் நிற்கிறது. ஓட்டமில்லாததால் முன்னாலிருந்து காற்று இல்லை. ரேடியேட்டர் விசிறியும் சுற்றவில்லை. ஊசி சிவப்புக்கு ஏறுகிறது. சாதாரண மெக்கானிக் என்ன செய்வார்? பியூஸைப் பார்ப்பார், ரிலேயை மாற்றிப் போடுவார், மோட்டருக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார், சென்சரைச் சோதிப்பார். எதையும் நம்பாத சந்தேகப் பிராணி. அண்ணைக்கு அந்த வியாதி இல்லை. "உதெல்லாம் பாத்துக்கொண்டிருந்தா விடிஞ்சிடும் தம்பி. டைரெக்ட் குடுத்துவிடுறன்."

கார் செய்தவர்களின் ஆணவத்தைப் பாருங்கள். தண்ணீரின் வெப்பம் 100 பாகையை நெருங்கினால் சென்சர் சொல்லுமாம், கம்ப்யூட்டர் கேட்குமாம், ரிலே விசிறியைச் சுழற்றுமாம், சூடு தணிந்ததும் தானே நிறுத்துமாம். காருக்குச் சொந்தக்காரருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை! அண்ணை அந்த உரிமையை மீட்டுத் தருகிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிச். இனி சென்சரும் நீங்களே, கம்ப்யூட்டரும் நீங்களே.

அந்தச் சுவிச்சிலும் அவர் கைவண்ணம் தெரியும். விசிறி 20, 30 ஆம்பியர் இழுக்கும். சுவிச் சிறு விளக்குக்காகச் செய்தது. குளிர்காலத்தில் தொட்டால் விரலுக்கு இதமாக இருக்கும். பியூஸ் என்ற தடங்கலையும் அவர் வைப்பதில்லை. கம்பி உருகினால் உருகட்டும், மின்சாரம் மட்டும் நிற்கக்கூடாது என்ற கொள்கை. அணைக்க மறந்தால் காலையில் பட்டரி செத்திருக்கும். பெயர்கூடத் தெரியாத அயலவர்கள் ஒன்றுகூடிக் காரைத் தள்ளுவார்கள். லண்டனில் இப்படியோர் ஊர்க்கூட்டத்தை வேறு யார் கூட்டித் தருவார்?

தண்ணீர் ஒழுகினாலும், பம்ப் தேய்ந்தாலும், ரேடியேட்டர் அடைபட்டாலும் அண்ணையின் மருந்து ஒன்றே. விசிறி ஓயாமல் சுற்றுவதால் நோய் சில வாரம் வெளியே தெரியாது; உங்களுக்கும் நிம்மதியான தூக்கம். கழற்றிவிட்ட ரிலேயைத் தேடி டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கலாம். 2018 மே முதல், 2003 நடுப்பகுதிக்குப் பின் வந்த பெட்ரோல் கார்களில் அந்த விளக்கு எரிந்தால் எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையில் தேறாது. அண்ணை கலங்கமாட்டார். விளக்குக்கும் ஒரு கம்பி இருக்கிறதல்லவா?

இந்தக் கலை பிறந்த மண் பெரிது. 1990களில், பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெட்ரோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அப்படித்தான் நோயாளிகளையும் மணமக்களையும் சுமந்தன. அங்கே ஒரு ரிலே தேடினால் கிடைத்திருக்காது. இங்கே அது அடுத்த தெருக் கடையில், சில பவுண்டுக்கு. அதற்காகக் கற்ற வித்தையைக் கைவிடலாமா? ஊரில் தடை எடுபட்டு எத்தனை காலமானாலும், தன் கராஜுக்குள் மட்டும் அதை எடுக்காமல் காத்து வருகிறார் அண்ணை.

2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் புகைக் கட்டணம், நாளுக்கு 12.50 பவுண்டு. 2006 முதல் வந்த பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதால், பலர் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். இன்னும் அவர்களைப் பிடித்தாட்டுவது வரி, காப்புறுதி, பார்க்கிங், எம்ஓடி. இவற்றிலிருந்தும் விடுதலை தரவல்லவர் அண்ணை ஒருவரே. ஒரு வெயில்நாள், ஒரு நெரிசல், போட மறந்த ஒரு சுவிச் போதும். சிலிண்டர் ஹெட் வளைந்து, கார் பழைய இரும்புக்குப் போனபின் எந்தக் கட்டணச் சீட்டும் உங்கள் வாசலுக்கு வராது.