படுகளத்திலிருந்து ஒரு கடிதம்

லீட்ஸ்
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கத்தான் ஆசை. முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்பதால் நேரே இரண்டாவதற்குப் போகிறேன். நீ, மாமா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் சௌக்கியமா?

போனில் இந்தக் கதையை முழுசாகச் சொல்ல முடியவில்லை. நான் ஆரம்பிப்பதற்குள் நீ மூக்கை உறிஞ்சுகிறாய். அம்மா போனைப் பிடுங்கி "ஊசி போட்டாங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்கிறாள். அதனால்தான் கடிதம். அதுவும் நின்றுகொண்டே எழுதுகிறேன். தொடர்ந்து அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று உத்தரவு. இஸ்திரிப் பலகையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி மேசையாக்கியிருக்கிறேன். உன் தம்பி வெளிநாட்டில் நல்ல நிலையில் நிற்கிறான் என்று தெருவில் தாராளமாகச் சொல்லிக்கொள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. காரின் டிக்கியிலிருந்து சோனா மசூரி மூட்டையை எடுக்கக் குனிந்தேன். பத்தே பத்து கிலோ. நம் அப்பா 25 கிலோ சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மண்டியில் ஆரம்பித்த அரசியலை வீட்டு வாசல் வரை விடாமல் பேசிக்கொண்டு வருவார். அவர் பிள்ளைக்குப் பத்து கிலோவில் இடுப்பில் 'மடக்' என்றது. குனிந்தவன் நிமிரவில்லை. எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, டார்ச் எடுத்துக்கொண்டு வந்து கூடவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். "என்ன தொலைந்தது?" என்றார். இடுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி ஹாலில் தரையில் மல்லாந்து கிடந்தேன். திரௌபதியம்மன் கோவில் பாரதத்தில் பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்கவைப்பார்களே, அதே கிடை. என் சின்ன மகள் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கையில் பீமனின் கதாயுதம் ஒன்றுதான் பாக்கி.

ஞாயிறு காலை நம் ஊர் வழக்கப்படி ஒத்தடம். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கச் சொல்லி நீதான் என் மனைவிக்குப் போனில் பாடம் எடுத்தாய். முடிச்சைத் திரும்பச் சூடாக்கத் தோசைக்கல்லில் வைத்துவிட்டு, அவள் என்னைப் புரட்டிப்போட வந்தாள். துணி கருகியது. புகை அலாரம் அலறியது. அதை நிறுத்த ஸ்டூலில் ஏற வேண்டும், ஏற வேண்டியவன் தரையில் கிடக்கிறான். நாலு நிமிடம் அலறியது. டார்ச் தாத்தா மறுபடி வந்தார்.

இங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முதல் படி டாக்டர் கிடையாது, ஒரு படிவம். திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் திறந்தேன். வலி எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு நாலே கட்டம்: கூர்மையானதா, மந்தமானதா, எரிகிறதா, காலுக்கு ஓடுகிறதா. இவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் ஆண்ட மொழியில் வலிக்கு நாலு கட்டம்தான். நமக்கு? குத்தல், குடைச்சல், இழுப்பு, பிடிப்பு, கடுகடுப்பு, உளைச்சல், விண்விண் என்று தெறிப்பது, சுரீர் என்று ஏறுவது. எனக்கு இருந்தது பகலில் பிடிப்பு, ராத்திரியில் குடைச்சல், தும்மினால் சுரீர். குடைச்சலை எந்தக் கட்டத்தில் போட? அம்மா கண்டுபிடித்த 'வாயு'வை எழுதலாம் என்றால், வாயுவை இங்கிலீஷில் சொன்னால் வயிற்று டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். கடைசியில் நாலையும் டிக் அடித்தேன்.

அடுத்தது, வலிக்கு பத்துக்கு எத்தனை மார்க்? இதற்கு என்னிடம் சொந்த அளவுகோல் இருந்தது. அலிபிரியில் ஏறினால் 3,550 படி. அதில் மோகாள்ள மெட்டு வரும்போது, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு கோவிந்தா என்பதற்குப் பதில் அப்பாவையே கூப்பிடுவேனே, அது ஏழு. இது அதற்கு மேலே. எட்டு போட்டேன்.

பிறகு வந்த கேள்விகளைப் படித்து நாங்கள் இருவரும் சிரித்தோம். குதிரைச் சேணத்தில் உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறதா? சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? காலில் பலம் குறைந்திருக்கிறதா? ஜுரம் உண்டா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? வயது 50-ஐத் தாண்டியதா? சமீபத்தில் விழுந்தீர்களா? நான் குதிரையை மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் பார்த்ததோடு சரி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டினேன். இந்தக் கேள்விகளை மறந்துவிடாதே, கடைசியில் உனக்கு வேலை இருக்கிறது.

நாலாம் நாள் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தியிடம் வீடியோவில் அப்பாயின்ட்மென்ட். காலை ஒன்பதே கால். நான் வேட்டியை மாற்றி பேன்ட் போடவே அரை மணி ஆயிற்று. டாக்டர் வருகிறார் என்று இவள் ஹாலைப் பெருக்கினாள். டாக்டர் வருவது செல்போனில். போனை எங்கே நிறுத்துவது? என் இடுப்பை உடைத்த அதே அரிசி மூட்டையில் சாய்த்துவைத்தோம்.

"முன்னால் குனியுங்கள்" என்றாள். குனிந்தேன், கை முழங்கால் வரைதான் போயிற்று. "குதிகாலில் நடந்து காட்டுங்கள்" என்றாள். ஹாலில் இடமில்லை, சமையலறைக்குள் நடந்தேன். இவள் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குதிகாலில் நடந்தால் கூத்தில் பீமன் சபைக்கு வருவது போல இருக்கிறது. நுனிக்காலில் நடந்தால் திருட்டுத்தனமாக வெல்லம் எடுக்கப் போவது போல. இவளுக்குச் சிரிப்பு தாங்காமல் கை ஆடியது. அந்தப் பெண்ணுக்குப் பாதி நேரம் தெரிந்தது எங்கள் வீட்டுக் கூரையும் பெருமாள் படமும்தான். "அழகான படம்" என்றாள். காலுக்குப் போகும் நரம்புகளில் எது நசுங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த நடையாம். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னாள். பிறகு, "நரம்புக்கு ஒன்றும் இல்லை, தசைதான் பிடித்திருக்கிறது" என்றாள்.

சேணத்தைப் பற்றி நானே கேட்டேன். முதுகெலும்பின் அடியில் நரம்புகள் குதிரை வால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. ஜவ்வு பிதுங்கி அந்தக் கற்றையை நசுக்கினால், உட்காரும் இடம் மரத்துப்போகும், சிறுநீர் போவது தெரியாது. அப்படி இருந்தால் அப்பாயின்ட்மென்டும் படிவமும் கிடையாது, நேரே எமர்ஜென்சி. காலதாமதமானால் நிரந்தரமாகக் கோளாறு ஆகிவிடுமாம். சிரித்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மருந்து என்ன தெரியுமா? நட. அவ்வளவுதான். படுத்தே கிடக்காதே, தினமும் நட, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள், பூனை மாதிரி முதுகை வளை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் பிரம்போடு நின்று போடவைத்த பவனமுக்தாசனம்தான். அன்று இலவசமாக வந்ததை ஏமாற்றிவிட்டு, இன்று கடல் தாண்டி வந்து, வீடியோவில் ஒரு பெண் கெஞ்சி நான் செய்கிறேன். அம்மா சொன்ன வாயுவும் வீண் போகவில்லை பார், பவனன் என்றால் வாயுதானே!

"ஸ்கேன் எடுக்கலையா? அப்போ அவ டாக்டரே இல்லை" என்று அம்மா தீர்ப்பு சொன்னாள் அல்லவா. நானும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேனில் போட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு ஜவ்வுத் தேய்மானம். எண்பது வயதில் 96 பேருக்கு. யாருக்கும் வலி இல்லை. அதனால் இந்த ஊரில் சாதாரண இடுப்பு வலிக்கு எடுத்த எடுப்பில் ஸ்கேன் இல்லை. நம் ஊரில் டாக்டர் கையெழுத்தை விட ஸ்கேன் கவர்தான் பெரிசு. மாமாவின் பீரோவில் அப்படி மூன்று கவர் இருக்கிறது.

வலி மாத்திரையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அதிலும் ஒரு கூத்து. சூப்பர்மார்க்கெட்டில் பாராசிட்டமால் பெட்டிக்குப் பதினாறு மாத்திரைதான். இரண்டு பெட்டிக்கு மேல் எடுத்தால் கல்லாவில் கொடுக்கமாட்டார்கள், யாரும் மொத்தமாக விழுங்கிவிடக் கூடாது என்று. இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போட்டு உபயோகமில்லை என்றும் அவளே சொல்லிவிட்டாள். சீட்டு எழுதி வாங்கினால், மருந்து எதுவானாலும் ஒரு ஐட்டத்துக்கு 9 பவுன் 90 பென்ஸ், நம் காசில் ஆயிரத்தைத் தாண்டும். டாக்டர் இலவசம், ஆனால் மருந்துக் கடைக்குப் போனால் மறுபடி இடுப்பு பிடிக்கும்.

இதற்கு நடுவில் நீ செய்த உதவியை மறக்க முடியுமா. திருப்பதி டாக்டரிடம் வாட்ஸ்அப்பில் எனக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினாய். காலை பத்து மணி. அக்கா, உனக்குப் பத்து மணி என்றால் எனக்கு விடியற்காலை நாலரை. வெளியே இரண்டு டிகிரி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திருடன் மாதிரி குசுகுசுவென்று என் இடுப்பைப் பற்றிச் சொன்னேன். பாவம், நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க இருக்கிறது இங்கிலாந்து. நான் சீட்டு எழுதினா செல்லாது. அங்கே சொன்னது சரிதான், நடங்க" என்றார். வீடியோ வைத்தியத்துக்கு நம் நாட்டில் 2020 மார்ச் 25-ல் விதிமுறை போட்டபோதே, இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று எழுதிவிட்டார்களாம். நீ அனுப்பிய ஐந்நூறு ரூபாயையும் அவர் திருப்பிவிட்டார். அது உனக்கு வந்ததா, மாமாவுக்கு வந்ததா என்று விசாரி.

என் ஆபீஸில் ஒருவன், டாக்டரைப் போனில் பார்ப்பதெல்லாம் கொரோனாவுக்கு அப்புறம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று அளந்துகொண்டிருந்தான். நின்ற இடத்திலேயே (உட்காரத்தான் முடியாதே) அவனுக்குப் பாடம் எடுத்தேன். "எங்க சித்தூர்ல காணிப்பாக்கம் பக்கம் போனா அரகொண்டான்னு ஒரு ஊரு. எங்க வீட்டிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். 2000-ல மார்ச் 24-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஹைதராபாத் வந்தப்போ, அந்த ஊரு ஆஸ்பத்திரியில சாட்டிலைட் வைத்தியத்தைத் தொடங்கி வெச்சாரு" என்றேன். அப்பல்லோ பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது என்பது உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருஷம். பேப்பரில் வந்ததைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? "டிவியில டாக்டரா? நாளைக்கு டிவியிலேயே சாம்பார் ஊத்துவானா?" என்றார். நாம் எல்லோரும் சிரித்தோம். இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தச் சிரிப்புக்கு வட்டியும் முதலுமாக நான் குதிகாலில் நடந்து கட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன், அவன் நம்பவில்லை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதில் பாதி விழுந்த இடம்தான் அரகொண்டா, அதனால் 'அர கொண்ட', அரை மலை. அங்கே ஆஞ்சநேயர் கோவில் குளத்துத் தண்ணீருக்கு இன்றைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம். இப்போது சர்க்கார் நடத்தும் கம்ப்யூட்டர் வைத்தியத்துக்குப் பெயர் என்ன? ஈ-சஞ்சீவனி! 2019 நவம்பரில் அதை முதலில் தொடங்கியது எந்த மாநிலம்? நம் ஆந்திரா. மலையைத் தூக்கிய அனுமாருக்கு இடுப்புப் பிடித்ததாக எந்த ராமாயணத்திலும் இல்லை. எனக்கு அரிசி மூட்டை.

சரி, சிரித்தது போதும். இனி எழுதுவதை மெதுவாகப் படி.

போன ஞாயிறு உன் சின்னவன் போனில், "மாமா, பாட்டி கொல்லையில வழுக்கி விழுந்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. அம்மா ஹெல்த் சென்டரில் கம்ப்யூட்டர் டாக்டரிடம் 'நடும் நொப்பி', இடுப்பு வலி, என்று மட்டும் தெலுங்கில் சொல்லி, மாத்திரை வாங்கிவந்தாளாம். விழுந்ததை மறைத்துவிட்டாள். மறைத்தால் அந்த டாக்டர் என்ன செய்வார், பாவம். திரையில் கேட்டதற்குத்தானே பதில் வரும், கொல்லையில் பாசி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் சிரித்துக்கொண்டே 'இல்லை' போட்ட அந்தக் கடைசி இரண்டு கேள்விகளைத் திரும்பப் படி. வயது 50-ஐத் தாண்டியதா, விழுந்தீர்களா. அம்மாவுக்கு 71. இரண்டுக்கும் 'ஆமாம்'. இந்த வயதில் எலும்பு தேய்ந்திருந்தால், லேசாக விழுந்தாலே முதுகெலும்பு நொறுங்கி அமுங்கியிருக்கலாம் என்று, நான் மறுபடி கேட்டபோது அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னாள். எனக்கு ஸ்கேன் வேண்டாம் என்றவளே, அம்மாவுக்குக் கட்டாயம் எக்ஸ்ரே வேண்டும், நேரில் ஒரு டாக்டர் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். நான் நடந்தால் சரியாகும். அம்மாவை, பார்க்கும் வரை நடக்கவிடாதே. தைலம் தேய்த்து அமுக்கவும் வேண்டாம். சுளுக்கு எடுப்பவரைக் கூப்பிடவே கூப்பிடாதே.

நாளைக்கே சித்தூரில் எக்ஸ்ரே எடுத்துவிடு. பிறகு திருப்பதி பர்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. தேவஸ்தானம் நடத்துவது, எலும்புக்கு என்றே இருப்பது. பஸ் வேண்டாம், 70 கிலோமீட்டர் குலுங்கக் கூடாது. கார் வை, பணம் இன்றைக்கே அனுப்பிவிட்டேன். அம்மா முரண்டு பிடித்தால், பெருமாள் தரிசனத்துக்கு என்று சொல்லி ஏற்று. கார் பூதலப்பட்டு தாண்டினதும் எனக்கு ஒரு போன் போடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் எழுந்து நின்றுகொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் தம்பி