புக்குல அப்பிடி இல்ல, கேட்டியா!

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எந்த அம்பலத்தில் உற்சவம் என்றாலும் முதல் வரிசையில் அண்ணாச்சியைப் பார்க்கலாம். பாலே என்ற நாட்டிய நாடகம் ராத்திரி பத்து மணிக்குத்தான். அவர் ஏழு மணிக்கே நாற்காலி பிடித்திருப்பார். ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார், இல்லையென்றால் வாத்தியாராக முடியாமல் போனவர். திரை விலகி முதல் பாட்டு எழும்போதே பக்கத்தில் இருப்பவன் தொடையில் ஒரு தட்டு விழும்.

"புக்குல அப்பிடி இல்ல, கேட்டியா!"

பாட்டு தனியாக வந்தால் கேட்பார். நாடகம் தனியாக வந்தாலும் பார்ப்பார். தாம் படித்த புத்தகம் பாட்டும் ஆட்டமுமாக மேடையேறி, அதற்கு ஊரே கைதட்டினால்தான் அவருக்குப் பொறுக்காது.

அதிலும் சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்றால் கேட்கவே வேண்டாம். 1891-இல் வந்த நாவல். இளவரசர் மார்த்தாண்டவர்மா தம் எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஒளிந்ததாகச் சொல்லும் அம்மச்சிப்பிலாவு என்ற பலாமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில்தான் நிற்கிறது. இப்போது பட்டுப்போன அடிமரம்தான் மிச்சம் என்றாலும், அண்ணாச்சிக்கு அது குடும்பச் சொத்து. அந்த இடத்தில் ஒரு அட்டைப் பலாமரத்தை நிறுத்தி, பொந்துக்குள்ளிருந்து இளவரசரைப் பாடவும் வைத்தால்?

"ஒளிஞ்சிருக்கவன் பாடுவானாலே? எட்டுவீட்டுப் பிள்ளமாருக்குக் காது கேக்காதா?"

நியாயமான கேள்விதான். அதே பாலேயில் சுபத்திரை சாகும் கட்டத்தில் அவள் பாடி முடிக்கும்வரை, அவளைக் கொல்ல வந்த குடமண் பிள்ளை வாளை ஓங்கியபடியே நின்றார். சுற்றிலும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி ஒருவர்தான் குடமண் பிள்ளைக்காக வருத்தப்பட்டார்: "பாவம், கை கடுக்கும்!"

பழைய கதையை எடுத்தாலும் தப்ப முடியாது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிகமாலை'யில் உள்ள கடமற்றத்துக் கத்தனாரைக் கலாநிலையம் நாடகக் குழு மேடையேற்றியபோது சனங்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். "யட்சிக்கு எதுக்குலே இவ்வளவு வெளிச்சம்?" என்பதே அவர் விமர்சனம். டால்ஸ்டாயின் 'இருளின் வல்லமை'யை வி. சாம்பசிவன் 'அனீஸ்யா' என்ற கதாப்பிரசங்கமாக்கி அம்பலப்பறம்பு தோறும் சொன்னார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்கூட டால்ஸ்டாயைத் தெரிந்துகொண்டார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய காரியம். அண்ணாச்சியைக் கேட்டால், "டால்ஸ்டாய் ஹார்மோனியம் வச்சா எழுதினாரு?"

அவர் புலம்பலில் எல்லைக்கும் பங்கு உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நடுவில் மாட்டிய தமிழருக்குத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்தும் பழகிப்போனதால் அண்ணாச்சியின் அதிருப்தியும் இரட்டை. பாறசாலையில் மலையாளிகளிடம் 'பொன்னியின் செல்வ'னை மேடையில் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புவார். களியக்காவிளைச் சந்தையில் தமிழரிடம் சி.வி.க்கு நேர்ந்த கதியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். இரண்டு பக்கத்திலும் சரிபார்க்க ஆள் கிடையாது.

ஆனால் உற்சவத்தில் அவரால் ஒரு உபகாரமும் நடக்கிறது. அவர் சொன்னது மெய்தானா என்று பார்க்க மறுநாள் காலையில் நாலு பேராவது கிரந்தசாலைக்கு, அதாவது நூலகத்துக்கு, போகிறார்கள். ஆகவே உற்சவ நோட்டீசில் 'மார்த்தாண்டவர்மா' என்று கண்டால் புத்தகத்தை முதல்நாளே எடுத்துவிடுங்கள். இரண்டாவது பிரதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அது அண்ணாச்சி வீட்டில்தான் பல வருசமாக இருக்கிறது.